பழைய பிக்கப் வண்டியில் பின் டிஃபரன்ஷியல் எண்ணெயை மாற்றும் முறை

எஞ்சின் ஆயிலை நாள் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட, பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் இரும்புக் கூடான டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் எண்ணெயை மறந்துவிடுகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. அந்த எண்ணெய் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு கிடையாது, அளவு பார்க்கும் குச்சி கிடையாது, வடிகட்டியும் கிடையாது. வடிகட்டி இல்லாததால், கியர் பற்களிலிருந்து தேய்ந்து விழும் நுண்ணிய இரும்புத் துகள்கள் அனைத்தும் அதே எண்ணெயில் கலந்து, அதே பற்களுக்கும் பேரிங்குகளுக்கும் நடுவே திரும்பத் திரும்பச் சுழன்றுகொண்டிருக்கும். பல கைகள் மாறி வந்த பழைய பிக்கப் வண்டியில் இந்த எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதைச் சொல்ல ஆளிருக்காது. அப்படிப்பட்ட வண்டி கைக்கு வந்தால், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் முதல் வேலையாக இதைச் செய்துவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. புதிய எண்ணெய் ஊற்றுவது இதன் ஒரு பயன் மட்டுமே. மூடி திறந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் அச்சின் உள்நிலையைக் கண்ணால் பார்த்துவிட முடிகிறது என்பது அதைவிடப் பெரிய பயன்.

வேலை கடினமானதன்று. சாக்கெட் செட்டைக் கையாளத் தெரிந்த எவரும் அரை நாளில் முடித்துவிடலாம். ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்ற வரிசை தவறினால், ஓடிக்கொண்டிருந்த வண்டி ஓட முடியாத நிலையில் நின்றுவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது

கியர் பெட்டியிலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முனையில் பினியன் எனும் சிறு கியர் இருக்கிறது. அது கிரவுன் வீல் எனும் பெரிய வட்டக் கியரைச் சுழற்றி, சுழற்சியை 90 பாகை திருப்பிச் சக்கரங்களுக்கு அனுப்புகிறது. வளைவுகளில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட வேகமாகச் சுழல வேண்டியிருப்பதால், கிரவுன் வீலுக்குள் இருக்கும் சிறு கியர்கள் அந்த வேறுபாட்டைச் சமன் செய்கின்றன. பிக்கப் வண்டிகளின் பின் அச்சில் பெரும்பாலும் ஹைப்பாய்டு வகைக் கியர்களே இருக்கும். அதாவது, பினியனின் மையக்கோடு கிரவுன் வீலின் மையத்துக்குச் சற்றுக் கீழே அமைந்திருக்கும். இதனால் புரொப்பல்லர் ஷாஃப்ட் தாழ்வாக அமைகிறது, பற்களின் வலிமையும் கூடுகிறது. ஆனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நில்லாமல், பெரும் அழுத்தத்துடன் வழுக்கியும் செல்கின்றன. சாதாரண எண்ணெய்ப் படலம் அந்த அழுத்தத்தில் கிழிந்துவிடும். அதனால்தான் கந்தகமும் பாஸ்பரஸும் கொண்ட சேர்மங்கள் கலந்த, ஜிஎல்-5 தரக் கியர் ஆயில் இங்கே கட்டாயமாகிறது. அழுத்தமும் வெப்பமும் கூடும் இடத்தில் இச்சேர்மங்கள் உலோகப் பரப்புடன் வினைபுரிந்து ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகின்றன. கியர் ஆயிலின் மூக்கைத் துளைக்கும் நாற்றம் அந்தக் கந்தகத்தினுடையது. வேலை முடிந்து பல நாள் ஆன பிறகும் அது துணியை விட்டுப் போகாது என்பதால், கழித்துவிடக்கூடிய பழைய உடையை அணிந்துகொள்ளுங்கள்.

எண்ணெயைத் தேர்ந்தெடுத்தல்

வண்டியின் கையேடு சொல்வதே இறுதி விதி. பழைய பிக்கப்களுக்குப் பெரும்பாலும் 80டபிள்யூ-90 அல்லது 75டபிள்யூ-90 குறிப்பிடப்பட்டிருக்கும். கனமான இழுவை வேலைக்கென வந்த அச்சுகள் சிலவற்றுக்கு 75டபிள்யூ-140 அல்லது 85டபிள்யூ-140 கேட்கப்படும். எஞ்சின் ஆயிலின் எண்களோடு இவற்றை ஒப்பிட வேண்டாம். இரண்டுக்கும் அளவுமுறைகள் வெவ்வேறு. 90 எனக் குறிக்கப்பட்ட கியர் ஆயிலின் பாகுத்தன்மை, 40 அல்லது 50 எனக் குறிக்கப்பட்ட எஞ்சின் ஆயிலுக்கு அருகில்தான் இருக்கும். மேலும், டிஃபரன்ஷியலுக்கு வாங்கிய ஜிஎல்-5 எண்ணெயில் மிச்சமிருப்பதை, ஜிஎல்-4 மட்டுமே கேட்கும் கியர் பெட்டியில் ஊற்றிவிடக் கூடாது; கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்திசைக்கும், பித்தளைக் கலவையால் ஆன சிங்க்ரோ வளையங்களை அது அரிக்கக்கூடும். அளவைப் பொறுத்தவரை, நடுத்தர பிக்கப்களில் 1.5 முதல் 3 லிட்டர் வரை பிடிக்கும். சிறிது கூடுதலாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக, உங்கள் டிஃபரன்ஷியல் சாதாரண வகையா, ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகையா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். லிமிடெட் ஸ்லிப் வகைகள் பலவற்றில் சிறு கிளட்ச் தட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்கான எண்ணெயில் உராய்வைச் சீர்படுத்தும் ஒரு சேர்ப்புப் பொருள் கலந்திருக்க வேண்டும். இல்லையென்றால் குறுகிய வளைவுகளில் பின் அச்சு தடதடவென அதிரும். (1970-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இந்தப் பணிக்கு எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய் பயன்பட்டது, அந்த வேட்டைப் பொருளுக்குத் தடை வந்த பின்னரே செயற்கைச் சேர்மங்கள் அதன் இடத்தைப் பிடித்தன.) புட்டியில் ‘லிமிடெட் ஸ்லிப்புக்கு ஏற்றது’ என்று அச்சிடப்பட்டிருந்தால் சேர்ப்புப் பொருள் பெரும்பாலும் முன்பே கலக்கப்பட்டிருக்கும். தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக்கர் வகைகள் சிலவற்றில் இதைச் சேர்க்கவே கூடாது என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். ஆகவே கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அச்சுக் குறியீட்டையோ, அச்சின் மூடிப் போல்ட்டில் மாட்டியிருக்கும் சிறு உலோகத் தகட்டையோ படித்து வகையை உறுதி செய்துகொள்ளுங்கள். பின் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி நிறுத்தி, வண்டியைக் கியரில் வைத்துவிட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்கும் சோதனையும் உண்டு. மற்றச் சக்கரம் எதிர்த்திசையில் எளிதாகச் சுழன்றால் சாதாரண வகை எனலாம். ஆனால் கிளட்ச் தட்டுகள் தேய்ந்துபோன லிமிடெட் ஸ்லிப்பும் இதேபோல நடந்துகொள்ளும் என்பதால், இச்சோதனையை மட்டும் நம்ப வேண்டாம்.

வடிகால் பிளக் உள்ளதும் இல்லாததும்

வண்டிக்கு அடியில் படுத்து, அச்சின் கூட்டை நன்றாகப் பாருங்கள். டொயோட்டா போன்ற பல பிக்கப்களில் கூட்டின் அடியில் வடிகால் பிளக் ஒன்றும், நடு உயரத்தில் நிரப்பும் பிளக் ஒன்றும் இருக்கும். பின்பக்கம் கழற்றக்கூடிய மூடி இருக்காது. ஃபோர்டின் 8.8 அங்குல அச்சு, ஜெனரல் மோட்டார்ஸின் 10 போல்ட் அச்சு, டானா 44, டானா 60 போன்றவற்றில் பின்பக்கம் போல்ட்டுகளால் இறுக்கப்பட்ட தகட்டு மூடி இருக்கும். வடிகால் பிளக் பெரும்பாலும் இருக்காது, மூடியைக் கழற்றித்தான் எண்ணெயை வடிக்க வேண்டும். நிரப்பும் துளை வழியாகப் பம்பு விட்டு உறிஞ்சி எடுக்கும் குறுக்கு வழி ஒன்றுண்டு. அதில் அடியில் படிந்த சேறும் துகளும் அப்படியே தங்கிவிடும், உள்ளே பார்க்கும் வாய்ப்பும் போய்விடும். பழைய வண்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. சாக்கெட் செட், இறுக்க அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச், குறைந்தது 5 லிட்டர் கொள்ளும் அகன்ற தட்டு, பிளாஸ்டிக் சுரண்டி, கம்பித் தூரிகை, நூல் உதிராத துணிகள், பிரேக் கிளீனர், கைப்பம்பு, கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவை போதும். மூடியுள்ள அச்சாக இருந்தால் புதிய கேஸ்கெட் அல்லது கியர் ஆயிலைத் தாங்கும் சிலிக்கான் பசையும், பிளக் வகையாக இருந்தால் புதிய வாஷர்களும் வாங்கிக்கொள்ளுங்கள். துருப்பிடித்த வண்டியென்றால், முந்தைய நாளே போல்ட்டுகளிலும் பிளக்கிலும் துரு இளக்கி எண்ணெய் அடித்து ஊற விடுங்கள்.

வண்டியை நிறுத்துதல்

முதலில் வண்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி வாருங்கள். எண்ணெய் வெதுவெதுப்பானால் வேகமாக வடியும். அடியில் தங்கியிருக்கும் துகள்களும் கலங்கி அதனுடனேயே வெளியேறும். நெடுந்தூரம் ஓட்டிவந்த உடனே திறந்தால் கை சுடும். சற்று ஆற விடுங்கள்.

சமதளமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். பல பிக்கப்கள் உயரமானவை என்பதால் தூக்காமலேயே அடியில் போய் வேலை செய்ய முடியும். முடியுமானால் அதுவே சிறந்தது. தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால், ஒன்றை மனத்தில் வையுங்கள். பின்சக்கர இழுவை வண்டியில் கைபிரேக்கும் கியரும் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கின்றன. அந்தச் சக்கரங்கள் தரையை விட்டு எழுந்துவிட்டால் இரண்டாலும் பயனில்லை. எனவே முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும். தூக்கியதும், எடையைத் தாங்கும் ஸ்டாண்டுகளை இருபுறமும் வையுங்கள். வெறும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடுவது எந்த அவசரத்திலும் கூடாது. பின்பக்கம் மட்டும் தூக்கியிருந்தால், எண்ணெய் நிரப்பும்போது வண்டியை மீண்டும் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். அச்சு சாய்ந்திருக்கும்போது பார்த்த அளவு தவறானதாகவே இருக்கும்.

முதலில் நிரப்பும் பிளக்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விதியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: வடிப்பதற்கு முன், நிரப்பும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் தொடப்படாத அந்தப் பிளக் துருவேறி இறுகியிருக்கலாம், அல்லது முன்பு யாரோ தவறான ஸ்பேனரைப் போட்டு அதன் முனைகளை மழுக்கியிருக்கலாம். எண்ணெயை எல்லாம் வடித்துவிட்ட பிறகு அது கழலவில்லை என்று தெரிந்தால், வண்டியை மெக்கானிக்கிடம் ஓட்டிச் செல்லவும் வழியிருக்காது. பழைய எண்ணெய் உள்ளே இருக்கும்வரை வண்டி உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைக் கம்பித் தூரிகையால் தேய்த்து அகற்றுங்கள். அறுகோணத் தலையாக இருந்தால் ஆறு பக்கச் சாக்கெட்டையே பயன்படுத்துங்கள். பன்னிரண்டு பக்கச் சாக்கெட் முனைகளை வழித்துவிடும். சதுரக் குழியாக இருந்தால், குழியின் அடியில் இறுகிக் கிடக்கும் அழுக்கை ஆணியால் கிளறி எடுத்த பிறகு, நீட்டுக்குழல் இல்லாத ராட்செட்டை நேராக அதில் பொருத்துங்கள். அசையவில்லையென்றால் துரு இளக்கி அடித்துக் காத்திருந்து, சுத்தியலால் பிளக்கின் தலையில் சில தட்டுகள் தட்டிப் பின் முயலுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் அன்று வேலையை அங்கேயே நிறுத்திக்கொண்டு, வண்டியை அனுபவமுள்ளவரிடம் கொண்டுபோங்கள்.

வடித்தல்

வடிகால் பிளக் இருந்தால் தட்டை அடியில் வைத்துப் பிளக்கைக் கழற்றுவதோடு இந்தப் பகுதி முடிந்துவிடுகிறது. நிரப்பும் துளை திறந்திருப்பதால் காற்று உள்ளே புகுந்து எண்ணெய் சீராக வடியும்.

மூடியுள்ள அச்சில் சற்றுக் கவனம் வேண்டும். பிரேக் குழாயோ ஒயரோ மூடியில் கிளிப் போட்டு மாட்டியிருந்தால் அதை மெல்ல விலக்கி வையுங்கள். எல்லாப் போல்ட்டுகளையும் தளர்த்திய பின், மேலே உள்ள இரண்டைச் சில மரைகள் பிடித்திருக்கும்படி விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றுங்கள். பிறகு மூடியின் கீழ் ஓரத்தை நெம்பினால் அடிப்பக்கம் மட்டும் பிளந்து எண்ணெய் தட்டில் விழும்; மேல் போல்ட்டுகள் இரண்டும் மூடி மொத்தமாகக் கழன்று விழாமல் பிடித்துக்கொள்ளும். நெம்பும்போது, கூட்டின் கடைந்தெடுத்த மழமழப்பான பரப்பில் இரும்புக் கருவியால் கீறல் போட்டுவிடாதீர்கள். பின்னாளில் எண்ணெய் கசிவது அந்தக் கீறல் வழியாகத்தான். மூடியின் ஓரத்தில் நெம்புவதற்கென்று சிறு காது இருந்தால் அங்கேயே நெம்புங்கள், இல்லையென்றால் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள்.

வெளியே வந்ததைப் படித்தல்

பழைய எண்ணெய் கறுத்திருப்பதில் கவலைப்பட ஏதுமில்லை. காந்தத்திலோ பிளக்கின் முனையிலோ சாம்பல் நிறத்தில் மைபோலப் பூசியிருக்கும் மென்மையான படிவும் இயல்பான தேய்மானமே. விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தால் நெருடாது. நெருடினால்தான் யோசிக்க வேண்டும். ஊசி போன்ற சிராய்கள், செதில்கள், பல்லின் முனை உடைந்த துண்டு இவற்றில் எது கிடைத்தாலும் புதிய எண்ணெய் அதற்கு மருந்தாகாது. பேரிங்கோ பற்களோ கெட்டிருப்பதன் அடையாளம் அது. மூடியைப் போட்டு மூடிவிட்டு மறந்துபோகாமல், அச்சு வேலையில் கைதேர்ந்தவரிடம் காட்டுங்கள்.

எண்ணெய் பால் கலந்ததுபோல வெளிறியிருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான அச்சு திடீரெனக் குளிர்ந்த நீரில் மூழ்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல்கள் வழியாகவும் காற்றுப்போக்கி வழியாகவும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். அச்சுக் குழாயின் மேல் இருக்கும் அந்தச் சிறு காற்றுப்போக்கியை, நீர் புகுந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், இப்போதே சோதித்துவிடுங்கள். அது மண்ணால் அடைபட்டால், சூட்டில் விரியும் காற்று போக வழியின்றி ஆயில் சீல்களை அழுத்தி எண்ணெயை வெளியே தள்ளும். சக்கரப் பக்கத்துச் சீல் கசிந்தால் அந்த எண்ணெய் பிரேக் லைனிங்கில் இறங்கிப் பிரேக்கின் பிடியைக் குலைத்துவிடும். பின் சக்கரங்களின் உட்புறம் ஈரமாகக் கறுத்திருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள்.

மூடி திறந்திருக்கும்போது, டார்ச் வெளிச்சத்தில் கிரவுன் வீலை மெல்லச் சுழற்றி ஒவ்வொரு பல்லையும் பாருங்கள். பற்களின் முகம் சீராகப் பளபளக்க வேண்டும். குழிகள், செதில் பெயர்ந்த இடங்கள், அதிக வெப்பத்தால் ஏற்பட்ட நீல நிறம் ஆகியவை நல்ல அறிகுறிகள் அல்ல. பினியனுக்கும் கிரவுன் வீலுக்கும் இடையே மயிரிழை அளவு ஆட்டம் இருப்பது இயல்பு. அதை அளந்து சரிசெய்வது தனி வேலை, இங்கே அதில் கை வைக்க வேண்டாம். நடுக் கூட்டின் திறப்பு வழியாக ஸ்பிரிங்கோ அடுக்குத் தட்டுகளோ தெரிந்தால் உங்கள் அச்சு லிமிடெட் ஸ்லிப் வகை என்பது இங்கே உறுதியாகிவிடும்.

சுத்தம் செய்து மூடுதல்

கூட்டின் அடியில் தேங்கிய சேற்றைத் துணியால் துடைத்தெடுங்கள். கியர்கள் மீது பிரேக் கிளீனரைப் பீய்ச்சி அடிக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது துகள்களைப் பேரிங்குகளுக்குள் தள்ளிவிடும், கிளட்ச் தட்டுகளில் ஊறிய எண்ணெயையும் கழுவிவிடும் என்பதால் துணியே போதும் என்பேன். பிரேக் கிளீனரை மூடியின் உட்புறத்துக்கும், பொருந்தும் பரப்புகளைத் துடைக்கும் துணிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஆவி எளிதில் தீப்பற்றக்கூடியது, அருகில் நெருப்பு இருக்கக் கூடாது.

பழைய கேஸ்கெட்டையும் பசையையும் சுரண்டும்போது துணுக்குகள் கூட்டுக்குள் விழாமல் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அந்தத் துணியை எடுக்க மறக்காதீர்கள். இந்தப் பரப்பு எண்ணெய்ப் பசை சிறிதுமின்றி உலர்ந்திருந்தால்தான் புதிய பசை பிடிக்கும். மேலிருந்து எண்ணெய் மெல்லிய இழையாகக் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால், பசை பூசுவதற்குச் சற்று முன்பு மீண்டும் ஒருமுறை துடையுங்கள். மூடியையும் சோதியுங்கள். பழைய வண்டிகளில் தகட்டு மூடியின் கீழ் ஓரம் துருவில் மெலிந்து ஓட்டை விழும் நிலையில் இருப்பதுண்டு. முன்பு அளவுக்கு மீறி இறுக்கியதால் போல்ட் துளைகளைச் சுற்றித் தகடு குழிந்திருப்பதும் உண்டு. குழிவைத் தட்டையான பரப்பில் வைத்துத் தட்டி நிமிர்த்தலாம். துரு அரித்த மூடிக்குப் பதில் புதியதைப் போடுவதே சரி.

சிலிக்கான் பசையை ஏறக்குறைய 5 மி.மீ. தடிமனில், எங்கும் அறுபடாத ஒரே கோடாக, போல்ட் துளைகளின் உட்பக்கமாகச் சுற்றிப் பூசுங்கள். அதிகமாகப் பூசினால் உட்புறம் பிதுங்கி, துண்டாகி எண்ணெயில் மிதக்கும். பசை தோல் கட்டுவதற்குள் மூடியைப் பொருத்தி, எல்லாப் போல்ட்டுகளையும் கையால் திருகி, பிறகு எதிரெதிராக மாற்றி மாற்றிப் படிப்படியாக இறுக்குங்கள். கையேட்டில் உள்ள இறுக்க அளவையே பின்பற்றுங்கள். பல அச்சுகளில் அது 30 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். பசை உறைய எவ்வளவு நேரம் வேண்டும் என்பது குழாயிலேயே எழுதியிருக்கும். சிலவற்றுக்கு ஒரு மணி நேரம், சிலவற்றுக்கு ஒரு நாள். அந்த நேரத்தைக் குறைக்காதீர்கள்.

நிரப்புதல்

தனியாகச் சேர்ப்புப் பொருள் ஊற்ற வேண்டிய அச்சாக இருந்தால் அதை முதலில் ஊற்றுங்கள்; இல்லையெனில் எண்ணெய் நிறைந்த பிறகு அதற்கு இடமிருக்காது. கியர் ஆயில் குளிரில் கெட்டியாகிப் பம்பில் ஏற மறுக்கும். புட்டியைச் சிறிது நேரம் வெந்நீரில் நிறுத்தி வைத்தால் எளிதில் ஓடும். துளையின் கீழ் விளிம்பை எண்ணெய் தொட்டு மெல்ல வழியத் தொடங்கியதும் நிறுத்துவது பொதுவான முறை. சில வண்டிகளில் விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்து அளவை அறியலாம். கூடுதலாக ஊற்றினால் எண்ணெய் நுரைத்துச் சூடேறி, சீல்களையும் காற்றுப்போக்கியையும் தேடி வெளியேறும். பிளக்கைப் புதிய வாஷருடன் பூட்டுங்கள். கூம்பு மரையுள்ள பிளக்குக்கு வாஷர் வேண்டாம், அளவோடு இறுக்கினால் போதும்.

அருகிலேயே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, மூடியின் ஓரத்தையும் பிளக்குகளையும் துணியால் துடைத்துக் கசிவு பாருங்கள். லிமிடெட் ஸ்லிப் அச்சென்றால், காலியான இடத்தில் எட்டு வடிவில் மெதுவாகச் சில முறை சுற்றினால் புதிய எண்ணெய் கிளட்ச் தட்டுகளுக்குள் இறங்கும். மறுநாள் அச்சு குளிர்ந்த நிலையில், சமதளத்தில், பிளக்கைத் திறந்து அளவை மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். முன்பே அச்சில் ஊளைச் சத்தம் இருந்திருந்தால், எண்ணெய் மாற்றியதும் அது போய்விடும் என எதிர்பார்க்க வேண்டாம். கெட்டியான எண்ணெய் ஊற்றிச் சத்தத்தை அமுக்குவது பழுதை மறைக்குமே தவிரத் தீர்க்காது.

வடித்த எண்ணெயை மூடியுள்ள கலத்தில் ஊற்றி, பிரேக் கிளீனரோ வேறு திரவமோ கலக்காமல், கழிவெண்ணெய் பெற்றுக்கொள்ளும் இடத்தில் ஒப்படையுங்கள்; மண்ணிலோ சாக்கடையிலோ ஒரு துளியும் விழக் கூடாது. மாற்றிய தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் எண்ணெயின் வகையையும் எழுதி வண்டியிலேயே வையுங்கள். சாதாரண ஓட்டத்துக்கு 50,000 முதல் 80,000 கிலோமீட்டர் வரையும், பாரம் இழுக்கும் வண்டிக்கு ஏறக்குறைய 25,000 கிலோமீட்டருக்கும் ஒருமுறை மாற்றுவது பொதுவாகப் பொருந்தும்; அச்சு நீரில் மூழ்கினால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது, உடனே திறந்து பார்க்க வேண்டும்.